கொதியிலிருந்து எண்ணியவன்

சுழியம் என்பது கெட்டில் சீறும் இடம்.
அங்கிருந்து சூடு இறங்க இறங்க
எண் ஏறும்.
நூற்றைம்பதில் ஆறு உறையும்.
இருநூறில் மூச்சு மீசையிலேயே கண்ணாடியாகும்.
தெலீல் அளவு என்று பெயர்.
யாரோ தலைகீழாகச் சாத்திவிட்டுப் போன ஏணி.

தோபோல்ஸ்க் உப்புக் கச்சேரிக் குமாஸ்தா
நிக்கிஃபோர் பெரெஸ்கின்
அந்த ஏணியில்தான் நின்றான்,
ஆயிரத்து எழுநூற்று எழுபத்தொன்றில்,
நாளுக்கு மூன்று தடவை.
குளிர் அவனுக்கு எதன் குறைவும் அல்ல.
வந்து சேர்ந்த சரக்கு.
உப்பு மூட்டை மாதிரி வரவுப் பக்கம் எழுதினான்.

மூன்றில் இரண்டால் பெருக்கு,
நூறிலிருந்து கழி.
தைசியா செய்வது அவ்வளவுதான்.
ஓம்ஸ்க்கில், நாலாம் மாடியில்,
ரேடியேட்டர் இருமும் அறையில்,
விரல்நுனி வெட்டிய கையுறையோடு.
187: மைனஸ் இருபத்துநாலு புள்ளி ஏழு.
193: மைனஸ் இருபத்தெட்டு புள்ளி ஏழு.
171: மைனஸ் பதினாலு. ஓரத்தில்,
"உஸ்தீனியா ஜன்னல் பனியில் பூனை வரைந்தாள்.
வால் உருகிவிட்டது."
பூனைக்குக் கட்டம் இல்லை. அடுத்த வரி.

240.
மைனஸ் அறுபதா?
அவனே சொல்லிவிடுகிறான், கோணல் எழுத்தில்:
"பாதரசம் கல்லாகிக் குமிழுக்குள் ஒடுங்கிற்று.
இதைக் குளிர் என்று நம்ப வேண்டாம்."
இருநூற்றைம்பது வருடம் தாண்டி
யாரை நினைத்து எழுதினான் இந்த 'வேண்டாம்'?

அவளுக்கு முன்பே ஒரு பென்சில் வந்து போயிருக்கிறது,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில்.
பென்சிலின் காலத்தில் ரெயோமூர் அளவு:
நீர் எண்பதில் கொதிக்கும்.
டென்மார்க்கில் ரோமர் என்றொருவர் அளவில்
நீர் உறைவது ஏழரையில்.
(ஏழரை என்றதும் நமக்குச் சனி ஞாபகம் வரும்.
அவருக்கு வந்திருக்காது.)
பாரன்ஹீட்டில் அதே பனிக்கு முப்பத்திரண்டு.
ஒரே குளிர்தான்,
போகும் ஊரிலெல்லாம் வேறு பெயரில் அறை எடுக்கிறது.

பிப்ரவரி மூன்று. 90.
பென்சில் பக்கத்திலேயே கணக்குப் போட்டிருக்கிறது:
ரெயோமூர் முப்பத்திரண்டு. வெயில்!
சைபீரிய பிப்ரவரியில் கோடை வெயில்!
நான்கு நாளையும் குறுக்கே அடித்து
ஒரே சொல் எழுதியிருக்கிறது: குடிகாரன்.

தைசியா பக்கத்தை விளக்கடியில் சாய்க்கிறாள்.
நள்ளிரவு, 90.
ஒரு மணி, 90.
இரண்டு மணி, எண்பத்தொன்பதரை.
நாளுக்கு மூன்று தடவை பார்ப்பவன்
மணிக்கொரு தடவை பார்த்திருக்கிறான்.
'காற்று' என்ற தலைப்பை அடித்துவிட்டு
மேலே ஒரே எழுத்து: உ.

மூன்றில் இரண்டு. நூறிலிருந்து.
நாற்பது.
நாற்பது.
நாற்பது புள்ளி மூன்று.

இந்த எண் அவளுக்குப் பழக்கம்.
இருட்டில் அலமாரி துழாவி
சிரப் மூடியைப் பல்லால் திறந்த எண்.

பெருக்குவதை நிறுத்திவிட்டு விரலால் போகிறாள்.
91. 90. 90.
ஒரு மணிக்கு எதுவும் இல்லை, மைச் சொட்டு மட்டும்.
91. 92.
வெளியே ஏறினால் நடுங்க வைக்கும் எண்,
உள்ளே ஏற ஏற
அவளுக்கு மூச்சு விட முடிகிறது.
இன்னும் ஏறு.
94.
ஏறு, ஆனால் நூறைத் தொடாதே.
95.
ஐந்து மணி, 95.
ஆறு மணி, 95. "கூழ் கேட்டாள். உப்பு போதாதாம்."

உப்புக் கச்சேரிக்காரன் மகள்.

கணினியில் ஒரு கேள்வி காத்திருக்கிறது:
காற்று வெப்பநிலை, பிப்ரவரி மூன்று முதல் ஆறு வரை?
அக்குளுக்குக் கட்டம் இல்லை.
அளக்கப்படாத நாளுக்கு விதி உண்டு,
நாலு நாளுக்கும் ஒரே எண்:
மைனஸ் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது.
எந்த ஏணியிலும் இல்லாத குளிர்.
தட்டுகிறாள்.
குறிப்பு என்ற இடத்தில்
'குடிகாரன் அல்ல' என்று எழுதி,
அழித்து,
'பார்வையாளர் வேறு பணியில்' என்று எழுதுகிறாள்.

பிப்ரவரி ஏழு, காலை.
176. மைனஸ் பதினேழு புள்ளி மூன்று.
தெளிந்த வானம். காற்று இல்லை.